ஜிம்ல முதல் நாள் எத்தன கிலோ போடறது? நகரி தம்பிக்கு கொஞ்சம் நீளமான பதில்

தம்பி கேட்டது இதுதான். வயசு 24, உடம்பு எடை 62 கிலோ, நகரி பக்கம் ஏகாம்பரகுப்பத்துல வீட்லயே விசைத்தறி. புதுசா ஜிம்ல சேந்திருக்காரு, வாரத்துக்கு மூணு நாள், ஸ்குவாட் (ராட முதுகுல வெச்சு உக்காந்து எந்திரிக்கறது), பெஞ்ச் (படுத்துட்டு நெஞ்சுல இருந்து மேல தள்றது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல தள்றது), ரோ (குனிஞ்சு வயித்து பக்கம் இழுக்கறது), டெட்லிஃப்ட் (தரையில இருந்து தூக்கி நிக்கறது)னு ஒரு 5க்கு 5 ப்ரோக்ராம் எடுத்து வெச்சிருக்காரு, அதாவது ஒரு செட்டுக்கு அஞ்சு ரெப் (அஞ்சு தடவ தூக்கறது), அப்படி அஞ்சு செட். ஜிம் மாஸ்டர் ஸ்குவாட் 50, பெஞ்ச் 40ல ஆரம்பின்னு சொல்றாரு, ஃப்ரெண்டு ரெண்டு வாரம் வெறும் ராடுதான்னு சொல்றாரு. "பாவு பீம (தறில பாவு நூல் சுத்தின பெரிய உருளை) தோள்ல வெச்சு தூக்கறவன் நானு, எனக்கு வெறும் ராடு எதுக்குண்ணா, யார் சொல்றது சரி?" கூடவே 31 வயசு அக்காவும் வரணும்னு சொல்றாங்களாம், அவங்களுக்கு என்ன வெயிட்டுன்னும் கேட்டிருக்காரு.

நான் திருத்தணி ஆளு, நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு பக்கத்துல இருந்து வர பசங்களுக்கு தமிழ்லயும் தெலுங்குலயும் மாத்தி மாத்தி சொல்லிக் குடுக்கறதுதான் என் வேலை, அதனால இத ஒரு வரில சொல்லிட்டு போக மனசு வரல.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ தம்பி. உன் ஆரம்ப வெயிட் என்னன்னு மாஸ்டரும் சொல்ல முடியாது, ஃப்ரெண்டும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. நீ தூக்கற ரெப்புதான் அத சொல்லும். ஆரம்ப வெயிட்டுன்றது நீ எவ்ளோ பலசாலின்னு காட்டற பரீட்சை கிடையாது, அடுத்த மூணு மாசம் தடை இல்லாம ஏத்திக்கிட்டே போறதுக்கு எங்கருந்து கிளம்பணும்ன்றதுதான் அது. இத மனசுல வெச்சுட்டா பாதி குழப்பம் தீந்துடும்.

கணக்கு போட்டு பாரு. ஸ்குவாட்ல ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ ஏத்தற, வாரத்துக்கு மூணு தடவ, அப்ப வாரத்துக்கு 7.5 கிலோ. 35ல ஆரம்பிச்சா நாலு வாரம் கழிச்சு 65ல நிக்கற. மாஸ்டர் சொன்ன 50ல ஆரம்பிக்கறதுக்கும் 35ல ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல இருக்கறது 15 கிலோ, அதாவது ஆறு தடவ, ரெண்டே வாரம். கம்மியா ஆரம்பிச்சா நீ இழக்கறது அந்த ரெண்டு வாரம்தான். அதிகமா ஆரம்பிச்சு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா ஒண்ணு ரெண்டு மாசம் ஜிம் பக்கமே வர முடியாது, அதுக்கப்புறம் பயத்துலயே பாதி பேர் வர்றதில்ல. அதனால சந்தேகம் வந்தா கம்மி பக்கம் போ, இதுல நான் கறாரா இருப்பேன்.

ஆனா ஃப்ரெண்டு சொல்ற மாதிரி எல்லாத்துக்கும் ரெண்டு வாரம் வெறும் ராடுன்றதும் உனக்கு சரி வராது. டெட்லிஃப்ட்ல வெறும் ராடு தூக்கினா உனக்கு ஒண்ணும் தெரியாது, கத்துக்கவும் முடியாது. ஷோல்டர் பிரஸ்ல அதே வெறும் ராடு சில பேருக்கு முதல் நாளே அதிகம். ஒரே வெயிட்ட எல்லாத்துக்கும் போட்டா எப்படி ஒத்து வரும்?

இப்ப பாவு பீம் விஷயம். அத தூக்கற பலம் நிஜமான பலம், அத நான் குறைச்சு சொல்லவே மாட்டேன், உனக்கு கைப்பிடியும் தோளும் மத்தவங்கள விட நல்லாவே இருக்கும். ஆனா பீம ரெண்டு பேரா தோள்ல வெச்சு நின்ன நிலைல நாலடி நடக்கறது வேற, முதுகுல வெயிட்ட வெச்சு தொடை தரைக்கு சமமா வர வரைக்கும் உக்காந்து எந்திரிக்கறது வேற, அந்த ஆழத்துல உன் இடுப்பும் முட்டியும் கணுக்காலும் இதுவரைக்கும் வெயிட் தாங்கினதே இல்ல. இன்னொண்ணு, புதுசா பழகறவனுக்கு முதல் சில வாரம் கூடற பலத்துல பெரும்பங்கு சதை வளர்றதால வர்றதில்ல, நரம்பு கத்துக்கறதால வர்றது, எந்த சதைய எப்ப இழுக்கணும்னு உடம்பு பழகிக்குது. 1979ல மோரிடானி, டிவ்ரீஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இத அளந்தே காட்டினாங்க. அதனால இன்னிக்கு நீ முக்கி முக்கி ஒரு தடவ எவ்ளோ தூக்கற, அதான் உன் மேக்ஸ்னு பாத்து அதுல இத்தன பர்சென்ட்னு கணக்கு போடறது வீண், ரெண்டு வாரத்துல அந்த நம்பரே மாறிடும். சதை வேகமா பழகும், தசைநாரும் மூட்டும் அவ்ளோ வேகமா பழகாது, அதுங்களுக்கு மாசக்கணக்குல ஆகும். உனக்கு தறி தெரியும்ல, புதுப் பாவு பிணைச்சதும் முடிச்சுங்க விழுதையும் அச்சையும் (நூல் நுழைஞ்சு போற கண்ணியும் சீப்பும்) தாண்டற வரைக்கும் கையால மெல்லமா இழுத்து விட்டுட்டுதானே மோட்டார போடுவீங்க, இந்த முதல் ரெண்டு மூணு வாரமும் அப்படித்தான்.

ரெப்ப வெச்சு வெயிட் கண்டுபிடிக்கறது ஒண்ணும் புதுசு கிடையாது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரில டிலோர்ம்னு ஒரு டாக்டர், முட்டி அடிபட்ட சிப்பாய்ங்களுக்கு வெயிட் வெச்சே வைத்தியம் பண்ணாரு, 1945ல அத எழுதி வெளியிட்டாரு. அவர் பாத்தது ஒரு தடவ எவ்ளோ தூக்குவன்னு இல்ல, பத்து தடவ ஒழுங்கா எவ்ளோ தூக்க முடியும்னு. பிறகு அந்த வெயிட்டுல பாதி ஒரு செட், முக்கால் ஒரு செட், முழுசு ஒரு செட்னு போட வெச்சாங்க. அடிபட்ட கால வெச்சுக்கிட்டே அவங்க முன்னேறினாங்கன்னா, அடிபடாத நீ அந்த பொறுமைய எடுத்துக்கறதுல என்ன நஷ்டம்.

சரி, வெயிட் தேடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இத முக்கால்வாசி பேர் செய்யறதே இல்ல. ராடு எத்தன கிலோன்னு தெரிஞ்சுக்கோ. ஒலிம்பிக் ராடுன்னா 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம், பிளேட் மாட்ற முனை கட்டை விரல விட ரொம்ப தடிமனா 50 மில்லிமீட்டர் இருக்கும். பெண்களுக்கான ஒலிம்பிக் ராடு 15 கிலோ, பிடிக்கற இடம் கொஞ்சம் ஒல்லி. ஆனா நம்ம ஊர் சின்ன ஜிம்ங்கள்ல பாதி இடத்துல இருக்கறது ஒரே தடிமன்ல போற ஒல்லி ராடு, அது நீளத்துக்கு தகுந்த மாதிரி ஏழெட்டு கிலோவும் இருக்கும், பத்துக்கு மேலயும் இருக்கும். ஒருத்தன் "நான் பெஞ்ச் 40"ன்னு சொன்னா அது ராடோட சேத்தா, ராடு இல்லாமலான்னே தெரியாது, நிறைய பேர் ஒரு பக்கத்து பிளேட்ட மட்டும் எண்ணி "பத்து பத்து போட்டேன்"னு சொல்லுவாங்க. மாஸ்டர் சொன்ன 40ம் எந்த ராட்ல, எப்படி எண்ணினதுன்னு அவர்கிட்டயே மரியாதையா கேட்டுக்கோ. உடம்பு எடை பாக்கற மெஷின் மேல ராட கையில பிடிச்சுட்டு நின்னு, உன் எடைய கழிச்சா முடிஞ்சுது. இல்லன்னா மாங்கா மண்டில கொக்கில மாட்டி நிறுக்கற தராசு இருக்கே, அத ஒரு நாள் வாங்கிட்டு வந்து ராடு, பிளேட்டு எல்லாத்தையும் நிறுத்து சாக்பீஸ்ல எழுதி வெச்சுடு. பழைய பிளேட்ல 10ன்னு போட்டிருந்தாலும் சரியா பத்து இருக்கும்னு நம்பிடாத.

மெஷின் நம்பர இங்க கொண்டு வராத. கேபிள் மெஷின்ல கப்பி அமைப்பு பாத்து 40ன்னு போட்டது உன் கைக்கு 20ஆ கூட வரலாம். சாய்வா இருக்கற லெக் பிரஸ், 45 டிகிரில தள்றதுன்னா, மேல ஏத்தின வெயிட்டுல சுமார் 70 பர்சென்ட்தான் உன் காலுக்கு வருது, அதுவும் முதுகு சாஞ்சு உக்காந்துட்டு. லெக் பிரஸ்ல 100 தள்றேன், ஸ்குவாட் 60 போட மாட்டேனான்னு வந்த பசங்கள நான் வெறும் ராட்லதான் நிறுத்தி வெச்சிருக்கேன்.

இப்ப முதல் நாள். அவசரமே வேணாம், அன்னிக்கு வேலையே வெயிட் தேடறதுதான், கூட ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல. ஸ்குவாட்ட எடுத்துக்கோ. வெறும் ராட்ல அஞ்சு ரெப் ரெண்டு செட். உக்கார்றப்ப குதிகால் தரைய விட்டு கிளம்புதா, முட்டி உள்ள சாயுதா, முதுகு கூன் போடுதான்னு ஒருத்தர பாக்க சொல்லு, இல்லன்னா செல்போன பக்கவாட்டுல வெச்சு வீடியோ எடு. சரியா இருந்தா ராடோட சேத்து 30க்கு போ, அஞ்சு ரெப். ஒரு ரெண்டு நிமிஷம் உக்காரு. அப்புறம் 35, அஞ்சு ரெப். அப்புறம் 40. இதுல நீ கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கடைசி ரெப்போட வேகம். முதல் ரெப் எந்த வேகத்துல மேல வந்துச்சோ அஞ்சாவது ரெப்பும் கிட்டத்தட்ட அதே வேகத்துல வந்தா அடுத்ததுக்கு போலாம். அஞ்சாவது ரெப் இழுக்குதுன்னாலோ, மூச்சு அடக்கி முகம் சிவந்தாலோ, வடிவம் கொஞ்சம் கலைஞ்சாலோ அங்கயே நிறுத்து. 40ல இழுத்துச்சுன்னா உன் ஆரம்ப வெயிட் 40 இல்ல, அதுக்கு முந்தின 35. ராடோட சேத்து 35 வெச்சு மிச்ச செட்ட முடிச்சுட்டு அடுத்த பயிற்சிக்கு போ. அடுத்த நாள் 37.5.

இன்னொரு விதமாவும் கேட்டுக்கலாம். செட் முடிச்சதும் உன்னையே கேளு, இன்னும் எத்தன ரெப் ஒழுங்கா போட்டிருக்க முடியும்னு. மூணு நாலு மிச்சம் இருக்குன்னா ஆரம்பத்துக்கு சரியான வெயிட். ஒண்ணுதான் மிச்சம்னா அதிகம். பத்து போடலாம்னு தோணினா கம்மி. ஆனா புதுசா வர்றவங்களுக்கு இந்த கணிப்பு சரியா வராது, ரெண்டுதான் முடியும்னு சொல்றவன் ஆறு போடுவான், நாலு முடியும்னு சொல்றவன் ஒண்ணுலயே மாட்டுவான், அதனாலதான் நான் வேகத்த பாருன்னு முதல்ல சொன்னேன்.

மத்ததுக்கும் இதே முறைதான், ஏத்தற அளவு மட்டும் மாறும். பெஞ்ச்லயும் ரோலயும் ஒவ்வொரு செட்டுக்கும் 5 கிலோ ஏத்தி தேடு, டெட்லிஃப்ட்ல 10 கிலோ வரைக்கும் ஏத்தலாம், ஷோல்டர் பிரஸ்ல 2.5க்கு மேல ஏத்தாத. உன் எடைல, இதுவரைக்கும் ஜிம் போகாத பசங்க எங்க வந்து நிப்பாங்கன்னு நான் பாத்தத சொல்றேன், ராடையும் சேத்துதான் சொல்றேன்: ஸ்குவாட் 20ல இருந்து 40, பெஞ்ச் 20ல இருந்து 35, டெட்லிஃப்ட் 40ல இருந்து 60, ரோ 20ல இருந்து 30, ஷோல்டர் பிரஸ் 15ல இருந்து 20. இது உனக்கு விதிச்ச நம்பர் இல்ல, உன் தேடல் இதுக்கு ரொம்ப மேல போச்சுன்னா பாதி ஆழம்தான் உக்கார்றியான்னு ஒரு தடவ பாத்துக்கோன்றதுக்காக சொல்றேன்.

டெட்லிஃப்ட்ல ஒரு தனி சிக்கல் இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. போட்டில வெக்கற பெரிய பிளேட் 450 மில்லிமீட்டர் விட்டம், அத மாட்டினா ராடு தரையில இருந்து இருபத்தி ரெண்டரை சென்டிமீட்டர் உயரத்துல நிக்கும், எல்லாரும் கத்துக் குடுக்கற வடிவம் அந்த உயரத்துக்குத்தான். நீ ஆரம்பத்துல 5 கிலோ, 10 கிலோன்னு சின்ன இரும்பு பிளேட் மாட்டினா ராடு கணுக்கால் கிட்ட கிடக்கும், அத எடுக்க குனிஞ்சா எவனுக்கும் முதுகு வளையும். வெயிட் கம்மியா இருக்கறதாலயே பயிற்சி கஷ்டமாவுது, பாரு. அதனால ரெண்டு பக்கமும் கீழ பலகையோ, படுக்க வெச்ச பிளேட்டுங்களோ அடுக்கி ராட முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல வர மாதிரி உயத்தி வெச்சுட்டு ஆரம்பி. நம்ம பக்கத்துல இடுப்பு பிடிச்சுக்கிட்டு வர பசங்கள்ல நிறைய பேருக்கு காரணம் வெயிட்ட விட இந்த உயரம்தான்னு நான் நினைக்கறேன்.

பெஞ்ச்ல தேடற அன்னிக்கு தலைமாட்டுல சப்போர்ட்டுக்கு ஒரு ஆள் நிக்காம படுக்காத. கட்டை விரல் ராட சுத்தி வந்தே ஆகணும், விரல எல்லாம் ஒரே பக்கம் வெச்சு பிடிக்கற பிடி வேணவே வேணாம், ராடு வழுக்கினா நேரா நெஞ்சு மேல, கழுத்து மேல.

ஷோல்டர் பிரஸ்லதான் சீக்கிரமா முட்டிக்கும். உங்க ஜிம்ல சின்ன பிளேட்டே 2.5தான்னா ரெண்டு பக்கமும் மாட்டறப்ப 5 கிலோ ஏறிடும். 20ல இருந்து 25ன்னா கால்வாசி கூடிடுச்சு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரின்ற அமைப்பு 2009ல சொன்ன பரிந்துரையே வெயிட்ட ஒரு தடவைக்கு 2ல இருந்து 10 பர்சென்ட் ஏத்துன்னுதான், அதுவும் சொன்ன ரெப்ப விட ஒண்ணு ரெண்டு கூட வந்தப்புறம். அதனால 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமா வாங்கி பைல வெச்சுக்கோ, பெரிய செலவில்ல. கிடைக்கலன்னா வெயிட்ட விட்டுட்டு ரெப்ப ஏத்து, 20ல அஞ்சு போட்டவன் ஆறு, ஏழு, எட்டுன்னு எல்லா செட்லயும் எட்டு வர வரைக்கும் போய்ட்டு அப்புறம் 25க்கு போய் திரும்ப அஞ்சுல இருந்து. டம்பெல்லுக்கும் இதேதான், 5ல இருந்து 7.5க்கு போறது பாதி மடங்கு கூடறது, ரெப்ப 12, 15 வரைக்கும் ஏத்தாம தாவ முடியாது.

அக்காவுக்கு வரேன். அவங்களுக்கு முறை மாறாது, கருவிதான் மாறும். 20 கிலோ ராடு அவங்களுக்கு ஸ்குவாட்டுக்கு சில வாரத்துல சரியா வந்துடும், ஆனா முதல் நாள் வேணாம். ஒரு நாற்காலில உக்காந்து எந்திரிக்கறத கை ஊனாம பத்து தடவ பண்ண சொல்லு, சுலபமா வந்தா 5 கிலோ டம்பெல்ல நெஞ்சோட அணைச்சு பிடிச்சுட்டு அதே மாதிரி, அப்புறம் 7.5, 10. பெஞ்சுக்கு பதிலா மேஜை விளிம்புல கை வெச்சு தண்டால், அது சுலபமானதும் இன்னும் தாழ்வான பெஞ்ச்ல. ஷோல்டர் பிரஸ்ஸுக்கு ரெண்டரை கிலோ டம்பெல் ரெண்டு. டெட்லிஃப்ட்டுக்கு ஒல்லி ராட பலகை மேல வெச்சு, அதுல பெண்கள் நினைக்கறத விட வேகமா முன்னேறுவாங்க, தண்ணிக் குடமும் அரிசி மூட்டையும் தூக்கின இடுப்பு அது. வெயிட் போட்டா உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்ன்ற பயத்த யாராவது சொன்னா காதுல வாங்க வேணாம்னு சொல்லு. பிபி, இதயம், சமீபத்துல பிரசவம், சிசேரியன், குடலிறக்கம் இதுல எது இருந்தாலும் முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டும், இது உனக்கும்தான்.

வெயிட் சரியா எடுத்தமான்னு மறுநாளும் அதுக்கு மறுநாளும் உடம்பே சொல்லும். சதை வலி ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள உச்சத்துக்கு வரும், கொஞ்சம் பிடிப்பு இருக்கறது சகஜம், அடுத்த தடவ அதே வெயிட்டுக்கு அவ்ளோ வலிக்காது. ஆனா ரெண்டாம் நாள் திருத்தணி மலைல 365 படி ஏற முடியுமான்னு யோசிச்சு பாத்து, ஐயோன்னு இருந்துச்சுன்னா நீ அதிகமா போட்டிருக்க, அடுத்த தடவ அஞ்சு பத்து கிலோ இறக்கு. சதை நடுவுல வர்ற வலி வேற, மூட்டுக்குள்ள குத்தற வலியோ, இடுப்புல இருந்து காலுக்கு இறங்கற மரமரப்போ வேற. எலும்பு முறிஞ்சா நம்ம ஜனங்க புத்தூர் கட்டுக்கு போறது பழக்கம்தான், ஆனா கால் மரமரப்புக்கு கட்டு போட்டுட்டு வந்து படுத்துடாத, ஆர்த்தோ டாக்டர பாரு. ரொம்ப முக்கியம், சதை வீங்கி, தாங்க முடியாத வலியோட ஒண்ணுக்கு கோலா கலர்ல போச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி, அது சதை உடைஞ்சு கிட்னிய பாதிக்கற அறிகுறி, முதல் வாரத்துலயே அளவுக்கு மீறி போடறவங்களுக்கு வர்றது.

இன்னும் ரெண்டு விஷயம், உன் பொழப்புக்கு தகுந்தது. நைட் ஷிப்ட் தறி ஓட்டிட்டு காலைல டீயும் பன்னும் தின்னுட்டு நேரா ஜிம்முக்கு வர பசங்கள நான் நிறைய பாக்கறேன். அந்த நாள்ல வெயிட் ஏத்தாத, போன தடவ போட்டதையே போடு, அதுவும் கனமா இருந்தா ஒரு பத்து பர்சென்ட் இறக்கி போட்டுட்டு போய் தூங்கு. அது பின்வாங்கறது கிடையாது. அதே மாதிரி ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருந்து காவடி எடுத்துட்டு ரெண்டு வாரம் ஜிம் பக்கம் வரலன்னா, திரும்ப வர்றப்ப விட்ட இடத்துல இருந்து தொடங்காத, 10, 20 பர்சென்ட் கம்மியா எடு, ரெண்டு வாரத்துல பழைய இடம் வந்துடும்.

மாஸ்டர்கிட்ட சண்டை போடாத தம்பி. "முதல் மாசம் கம்மில இருந்து ஏத்திக்கறேன் மாஸ்டர், வடிவத்த மட்டும் பாத்து சொல்லுங்க"ன்னு கேளு, நல்ல மாஸ்டர் யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாரு. வேலூர் சத்துவாச்சாரியில இருந்து போய் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்துல பளுதூக்கறதுல 77 கிலோ பிரிவுல ரெண்டு வகைத் தூக்கல்ல 149 கிலோவும் 179 கிலோவும் தூக்கி தங்கம் வாங்கினாரே சதீஷ் சிவலிங்கம், அவர் பண்ண விளையாட்டுலயும் புதுசா சேர்ற பசங்கள முதல்ல வெறும் குச்சியயோ லேசான ராடையோ வெச்சுத்தான் பழக்குவாங்க, அங்க யாரும் அத கேவலமா நினைக்கறதில்ல.

ஒரு நோட்டு வாங்கிக்கோ, நாற்பது பக்கம் போதும். தேதி, பயிற்சி, ராடோட சேத்து மொத்த கிலோ, ரெப், கடைசி ரெப் எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்த, வேகமா, இழுத்துச்சு, விட்டுட்டேன், இந்த மூணுல ஒண்ணு. "வேகமா"ன்னு இருந்தா அடுத்த தடவ 2.5 ஏத்து, "இழுத்துச்சு"ன்னா அதே வெயிட்ட இன்னொரு தடவ, "விட்டுட்டேன்" ஒரே பயிற்சில மூணு தடவ வந்துச்சுன்னா பத்து பர்சென்ட் இறக்கி திரும்ப ஏத்திட்டு வா. அக்காவுக்கு தனி நோட்டு, உன் நம்பரோட அவங்க நம்பர ஒப்பிட வேணாம்.